மூன்றாவது கியரும் என் இடது கையும்

என் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புனேவுக்கு விமானம் ஏறிய மகனுக்கு,

கார் நலம். என் இடது கை அதைவிட நலம். இரண்டாவது செய்தியை நீ எளிதில் நம்ப மாட்டாய் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு முறை "சரிம்மா" என்பாய். நான் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தச் "சரிம்மா"வின் பொருள். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வரி வரை வாயை மூடிக்கொண்டுதான் படித்தாக வேண்டும். இதன் நகல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். எனக்குக் கை தளர்ந்துவிட்டது என்ற செய்தி அங்கேதான் முதலில் வெளியானது. மறுப்பும் அதே இடத்தில் வெளியாவதுதான் பத்திரிகை மரபு.

முதலில் சாவி. பணிக்காலம் முழுவதையும் கிளை நூலகத்தில் கழித்த ஒருத்தியிடம், ஒரு பிரதியை எடுத்துவிட்டால் புத்தகமே போய்விடும் என்று நீ நம்பியது எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டாவது சாவி தையல் மிஷின் இழுப்பறையில், பாபினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ வளர்ந்த வீட்டில் நீ ஒருநாளும் திறந்து பார்க்காத இழுப்பறை அது ஒன்றுதான். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாண வேலைகளுக்கு நடுவில் அம்மா எங்காவது மோதிவிடுவாளோ என்று பயந்தாய். பயப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று ஒருமுறை சோதித்துவிட்டுப் பயந்திருக்கலாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போவது உனக்குத் தெரியும். நான் நடராஜரைத் தரிசிக்கப் போவதாக உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற நான்கு பெண்கள் மேல வீதிக்கு அருகே ஒரு மாடியில் உட்கார்ந்து மாலை வரை ரம்மி ஆடுகிறோம் என்று சொல்வதைவிட அது மரியாதையாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நான் மறுப்பதில்லை. காரை நிறுத்துமிடத்திலிருந்து கோபுரம் தெரியத்தான் செய்கிறது. அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, ஆலப்பாக்கம் தாண்டியதும், கரும்பு ஏற்றிய டிராக்டரை முந்துவதற்காக மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தேன். எதிரே பஸ் வந்ததால் காலை எடுத்தேன். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மறுபடி மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, கார் நகர்வதாக இல்லை. பேச்சின் நடுவே எழுந்து போய்விட்ட மனிதரிடம் நாம் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை. கியரைத் திரும்பப் போட்டு, ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்று ஆட்டத்திலும் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்தவர். எந்த மனுவைப் பார்த்தாலும் பிழை மனுதாரர் மேல்தான் என்று தொடங்குவது அங்கே பழக்கம். "நீ கியர முழுசா போட்டிருக்க மாட்ட" என்றார். அடுத்த சனிக்கிழமையும் கழன்றது. "வயசாவுது இல்ல, கையில அழுத்தம் கொறஞ்சிருக்கும்" என்றார். அதற்கடுத்த வாரம் அதுவே குடும்பச் செய்தியாகிவிட்டது. விசாரணை ஏதும் இல்லாமல் தீர்ப்பு வரும்போது அது எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

அந்த நேரத்தில்தான் நிச்சயதார்த்தத்துக்காக நீ வந்தாய். மெத்தப் படித்தவன், விஞ்ஞான முறைப்படி சோதிப்பாய் என்று காத்திருந்தேன். நீ காரை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு வரைக்கும் போய், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினாய். கார் ஒருமுறைகூடக் கியரைவிட்டுக் கழலவில்லை. "எனக்கு வரலியேம்மா" என்றாய். அந்தக் கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே இரண்டாவது கியரைத் தாண்டியவர் யாரும் இல்லை. மூன்றாவது கியரைத் தொடாமலே மூன்றாவது கியருக்கு நற்சான்றிதழ் கொடுத்தாய். பிறகு என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய் நரம்பு மருத்துவரிடம் உட்கார வைத்தாய். அவர் தன் இரண்டு விரல்களை நீட்டி, "பலமா புடிங்கம்மா" என்றார். பிடித்தேன். "போதும், போதும்" என்று கையை உதறிக்கொண்டார். வெளியே வந்ததும் நீ அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னதை நான் கேட்டேன்: "இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம். ஆரம்பமா இருக்கலாம்." அந்த "ஆரம்பமா" என்ற சொல்லை மருத்துவர் சொல்லவில்லை. மறுநாள் சாவி போயிற்று.

நீ போன பிறகு, மெக்கானிக்குகளைப் பார்த்தோம். "பார்த்தோம்" என்றால் நான் ஓட்டினேன், அப்பா பேசினார். முதலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். பானெட்டைத் திறந்து, குனிந்து, உள்ளே கையை நீட்டினார். "என்னா சார் இது, இங்க ஏதோ டயர் மாதிரி..." என்று தொடங்குவதற்குள் அப்பா குறுக்கே போய்விட்டார். "அது எங்க மச்சான் போட்டது. அதத் தொடாதீங்க. மத்ததப் பாருங்க." மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் மச்சான்கள் இருப்பார்கள். மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ எறக்கணும் சார். எறக்குனாத்தான் சொல்ல முடியும்" என்றார். இரண்டாவது மெக்கானிக் சிதம்பரத்தில். அங்கேயும் அதே இடத்தில் அப்பாவின் அதே மச்சான் வாக்கியம் சொல்லப்பட்டது. அவர் பானெட்டை மூடிவிட்டு, என்னைத் தாண்டி அப்பாவிடம் கேட்டார்: "வண்டி யாரு சார் ஓட்டுறது?" அப்பா என்னைக் காட்டினார். "அப்ப கைப்பழக்கமா இருக்கும் சார்" என்றார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மச்சான் என் தம்பி செல்வம், உனக்குத் தாய்மாமன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அவன் போட்டது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்தைய மழைக்காலத்தில் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் கார் இறங்கி, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ஒன்று கிழிந்துவிட்டது. இன்ஜின் காரோடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. ரப்பர் வைத்த சில தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்று போனால் இன்ஜின் சாமி வந்தவரைப் போல ஆடும். செல்வம் மழையிலேயே வந்தான். படகு கரையில் இடிக்காமலிருக்கத் தொங்கவிடுவார்களே பழைய டயர், அதில் ஒரு துண்டை அறுத்து, கிழிந்த இடத்தில் திணித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கார் வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த டயர் துண்டு உன் அப்பாவுக்குப் பூஜைப் பொருளாகிவிட்டது. மச்சான் மழையில் நனைந்து செய்த வேலையை இன்னொருவன் கை தொட்டுக் குறை சொல்வதா என்பது அவர் கட்சி. பானெட்டைத் திறந்தவர்கள் எல்லோரும் அதைத் தவிர்த்துவிட்டு மற்ற இடங்களில் நோயைத் தேடினார்கள்.

நானும் தேடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கை, கை என்று எல்லோரும் சொன்னதில் நானே இரவு படுக்கும்போது இடது கையை மூடித் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதை மாற்றியது உனக்கு மனைவியாக வரப்போகும் தேன்மொழி. கல்யாணப் புடவைக்கு நிறம் கேட்க ஒருநாள் அழைத்தாள். பேச்சோடு பேச்சாகக் கார் விஷயம் வந்தது. அவள் கேட்டாள்: "எப்ப கழலுது அத்த? மிதிக்கறப்பவா, கால எடுக்கறப்பவா?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. உன் அப்பா, நீ, இரண்டு மெக்கானிக்குகள், வாட்ஸ்அப் குழுவில் உள்ள உறவினர் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி யார் ஓட்டினது என்பதுதான். அவள் கேட்டது எப்போது என்று. "ஏன் கேக்கற?" என்றேன். "எங்க அப்பா வேன்ல ஒருக்கா இப்டி ஆச்சு அத்த. கால எடுத்தா மட்டும் கழலும். இன்ஜின் ஆடிட்டு இருந்துச்சாம்" என்றாள். பிறகு புடவைக்குத் திரும்பினாள். மாம்பழ நிறம் என்று முடிவானது.

உனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கக் கூடாது. நீ ஆறாம் வகுப்பில் கணக்கில் தொடர்ந்து தோற்றபோது, உன் வாத்தியார் உன்னைச் சோம்பேறி என்றார், அப்பா விளையாட்டுப் புத்தி என்றார். நான் உன் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். வாத்தியார் வாயால் சொன்ன கணக்கெல்லாம் சரியாக இருந்தது, கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் தப்பாக இருந்தது. உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னேன். அந்த வாரமே தேறினாய். பிறகு கண்ணாடி வாங்கினோம். உன் மூக்கின் மேல் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியின் வரலாறு அதுதான். அதே முறையை என் கைக்குப் பயன்படுத்தத் தோன்றாமல் போனது. நாம் பிறருக்குச் செய்யும் நியாயத்தை நமக்குச் செய்துகொள்வதற்கு வெளியாள் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வெளியாள் நம் வீட்டுக்கே வரப்போவது உன் அதிர்ஷ்டம்.

மறுநாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வண்டி நடமாட்டம் குறைந்த கடற்கரைச் சாலைக்குப் போனேன். நேரான சாலை. போவதற்கு முன்பு, கியர் கம்பைச் சுற்றியிருந்த தோல் உறையைக் கழற்றினேன், தரை விரிப்பையும் எடுத்தேன். சில நேரம் அவை தடுத்துக்கொண்டு கியர் முழுவதாக விழாமல் போகும். அப்படியிருந்தால் விஷயம் எளிதாக முடியும். அவை தடுக்கவில்லை. மூன்றாவது கியரில் போட்டு, சீரான வேகத்தில் ஓட்டினேன். கழலவில்லை. குண்டும் குழியுமான இடத்தில் ஏற்றி இறக்கினேன். கழலவில்லை. அழுத்தி மிதித்தேன், கழலவில்லை. மிதித்த காலைச் சட்டென்று எடுத்தேன். கழன்றது. மறுபடியும் அதே போல. மறுபடியும் கழன்றது. முதல் இரண்டு கியர்களில் நாம் அவ்வளவு நேரம் இருப்பதில்லை. நான்கிலும் ஐந்திலும் இன்ஜின் அந்த அளவுக்கு முரண்டு பிடிப்பதில்லை. முந்தலாம் என்று மிதிப்பதும், முடியாதென்று காலை எடுப்பதும் மூன்றில்தான். கடைசியாக இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு அப்பாவைக் கியர் கம்பைப் பார்க்கச் சொன்னேன்.

"என்னா தெரியுது?"

"முன்னயும் பின்னயும் போவுது. தலையாட்டுற மாதிரி."

"எப்ப?"

"நீ மிதிச்சா ஒரு பக்கம், கால எடுத்தா இன்னொரு பக்கம்."

"அது மேல யாரு கை இருக்குது?"

உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் கடலை அவ்வளவு ஊன்றிப் பார்த்து நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து, காரை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்தேன். அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, மிதித்து மிதித்து விடச் சொன்னேன். மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் எழும்பியது. விட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது. தாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில், வரிப்பள்ளங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் அந்த டயர் துண்டு, நைலான் கயிறு தளர்ந்து, சும்மா படுத்திருந்தது. இன்ஜின் துள்ளும்போது கியர்பாக்ஸும் கூடத் துள்ளுகிறது. கியர்பாக்ஸிலிருந்து கியர் கம்புக்கு ஒரு நீண்ட இரும்புத் தண்டு வருகிறது, அது இழுபடுகிறது. கம்பு மூன்றிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. நோய் இன்ஜின் மவுண்டிங்கில். என் கை அங்கிருந்து முழம் கணக்கில் தள்ளி இருக்கிறது.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா இறங்கி வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது மச்சான் போட்டதாச்சே."

அப்போதுதான் எனக்கு உண்மையான சிக்கல் புரிந்தது. கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. மேடையில் உனக்கு முதல் மாலை போட வேண்டியவன் தாய்மாமன். அவன் வேலையால்தான் கார் கெட்டது, அக்காவின் கை மேல் பழி வந்தது என்று அவன் காதில் விழுந்தால், மனம் நொந்து மண்டபத்துக்கு வராமல் இருந்துவிடலாம். நம் உறவில் இது புதிதல்ல. பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதற்காக அப்பாவின் சித்தப்பா நம் வாசலை மிதிக்காமலே இருந்தார். இப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்தாலும் வந்திருக்க மாட்டார். அப்பா நிலைமையைச் சமாளிக்க ஒரு திட்டம் சொன்னார். புது மவுண்டிங்கைப் போட்டுவிட்டு, டயர் துண்டையும் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுவது. "மச்சான் பானெட்ட தெறந்து பார்த்தா அவன் போட்டது அங்கியே இருக்கணும்" என்றார். மாவட்ட ஆட்சியர் வரும்போது காய்ந்த மரக்கன்றுக்குப் பக்கத்தில் பச்சைக் கிளையை நட்டு வைத்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். நான் ஒப்பவில்லை. அடுத்ததாக அவர் சொன்னதுதான் என்னைத் தைத்தது.

"கல்யாணம் முடியற வரைக்கும் உன் கைன்னே இருந்துட்டுப் போவட்டுமே. இப்ப என்னா கெட்டுப் போச்சு? வாடக காருல போய்க்கலாம். அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குடும்ப அமைதிக்காக ஒருவர் கொஞ்ச காலம் தளர்ந்து போயிருக்க வேண்டும், அது நானாக இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் எனக்குத் தெரியும், "கொஞ்ச காலம்" என்று ஒப்புக்கொண்ட பெண் மறுபடி ஸ்டீயரிங்குக்கு வந்ததாக நம் தெருவில் சரித்திரம் இல்லை. முதலில் இரவில் ஓட்டாதே என்பார்கள். பிறகு ஹைவேயில் வேண்டாம் என்பார்கள். பிறகு யாராவது கொண்டுபோய் விடும்வரை வாசலில் செருப்போடு உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே, முதுநகருக்குப் போனேன். அப்பா ஓடி வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். மச்சானைச் சமாதானப்படுத்துவதற்காக.

செல்வம் ஒரு படகுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் நயமான சொற்களாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அவன் கிரீஸ் கையோடு ஏறி வந்ததும் எல்லாம் மறந்து போய், "நீ போட்ட டயர் துண்டு போச்சுடா" என்று சொல்லிவிட்டேன்.

"எந்த டயர் துண்டு?"

பானெட்டைத் திறந்து காட்டினேன். அவன் குனிந்தான், நிமிர்ந்தான், அப்பாவைப் பார்த்தான்.

"இத இன்னுமா வச்சிருக்கீங்க?"

தளர்ந்த கயிற்றை விரலால் தூக்கிக் காட்டினான்.

"மாமா, அன்னிக்கு மழையில நான் என்னா சொன்னேன்? ஒரு வாரம் தாங்கும், அதுக்குள்ள மவுண்டிங் மாத்திடுங்கன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன மச்சான்" என்றார் அப்பா. "ஆனா நீ கஷ்டப்பட்டுப் போட்டத எப்படி எடுக்கறது?"

"ரெண்டு ஸ்பேனர் இருந்தா எடுத்துடலாம் மாமா."

அவன் கோபித்துக்கொண்டது உண்மைதான். நாங்கள் பயந்த காரணத்துக்காக அல்ல. அவசரத்துக்குத் திணித்த ஒரு துண்டை அவன் உண்மையான வேலை என்று நாங்கள் நம்பியதற்காக. மெக்கானிக்குகளிடம் "மச்சான் போட்டது" என்று அப்பா பெருமையோடு அறிவித்ததைச் சொன்னபோது அவன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "சிதம்பரம் வரைக்குமா சொன்னீங்க? டயர அறுத்து இன்ஜின்ல கட்டுறவன்னு என்னய ரெண்டு ஊருல காட்டிட்டு வந்திருக்கீங்க. அக்கா, உன் கைய சொன்னாங்கன்னு நீ வருத்தப்படற. என் கைய பத்தி அவுங்க என்னா நெனச்சிருப்பாங்க?" அந்தக் கோணத்தில் நாங்கள் யோசித்திருக்கவில்லை. மச்சானின் மானத்தைக் காப்பாற்ற உன் அப்பா எடுத்த முயற்சியால், இரண்டு ஊர்களிலும் அதிகமாகக் கப்பலேறியது மச்சானின் மானம்தான்.

மறுநாளே புது மவுண்டிங் வாங்கி வந்து அவனே மாட்டினான். மாட்டி முடித்தவுடன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை நாள் கழன்று கழன்று, கியர்பாக்ஸ் உள்ளே பற்களும் தேய்ந்துபோயிருந்தால்? அப்படியானால் இன்னமும் கழலும். கழன்றால் இந்த வீட்டில் யாரும் மவுண்டிங்கைப் பற்றி நினைக்கப் போவதில்லை, நேராக என் கைக்கு வந்துவிடுவார்கள். செல்வத்திடம் கேட்டேன். "ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்கா" என்றான். அவனையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் சாலையில் இறங்கினேன். கிளம்பும் முன் இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன், இப்போதும் கழன்றால் நான் இனி ஸ்டீயரிங்கைத் தொடப் போவதில்லை என்று. அப்பா முகம் மாறியது. நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்பதுபோலக் கையை உயர்த்தினார், ஆனால் நான் அதற்குள் முதல் கியரைப் போட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கூட்டமில்லாத நீண்ட சாலை வந்தது. மூன்றாவது கியர். அழுத்தி மிதித்தேன். "அக்கா, கைய எடு" என்றது பின்சீட்டுக் குரல். கியர் கம்பிலிருந்து கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தேன். காலை எடுத்தேன்.

கம்பு அசையவில்லை.

மறுபடி மிதித்தேன், எடுத்தேன். அசையவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை, இடம் கிடைத்தபோதெல்லாம் செய்தேன். கம்பு மண்ணில் நட்ட கழி மாதிரி நின்றது. இன்ஜினின் அலறல் போய், வேலை செய்கிறவர் மூச்சு விடுவதைப் போன்ற ஒரு சத்தம் மட்டும் இருந்தது. அப்பா கம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தின் நடுவில் மெல்லச் சொன்னார்: "இன்னொரு தடவ செய்." செய்தேன். "கை நல்லாத்தான் இருக்குது" என்றார். எந்தக் கோப்பிலும் அவர் தன் குறிப்பைத் தானே அடித்துத் திருத்தி நான் கேள்விப்பட்டதில்லை. இது முதல் முறை. பின்சீட்டில் செல்வத்தின் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிப்போயிருந்தான். நான் ஓட்டும்போது ஓர் இன்ஜின் மெக்கானிக் தூங்குகிறான் என்றால் அதற்குமேல் நரம்பு மருத்துவரின் அபிப்பிராயம் எனக்குத் தேவையில்லை. சிதம்பரம் போய், தோழிகளை வரவழைத்து, உன் அப்பாவையும் உட்கார வைத்து ரம்மி ஆடினோம். அவர் மோசமாகத் தோற்றார். தெருவில் இனி நடராஜர் தரிசனம் என்று சொல்ல அவரால் முடியாது. திரும்பும் வழியில் செல்வம் அந்தச் சிதம்பரம் மெக்கானிக்கின் கடை முன் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, புது மவுண்டிங்கைக் காட்டிவிட்டு வந்தான்.

மகனே, நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். வீடு என்பது பல பாகங்கள் சேர்ந்து ஓடுகிற ஒன்று. எப்போதாவது ஏதாவது கழலும். அப்போது யார் பிழை என்ற கேள்வி உன் நாக்கின் நுனியில் தயாராக நிற்கும். நம் குடும்பத்தில் அது பரம்பரையாக வருகிறது. அதை விழுங்கிவிட்டு, எப்போது கழல்கிறது என்று கேள். மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, யாராவது வந்திருக்கும்போதா, சம்பளத்துக்கு முந்தைய வாரத்திலா என்று பார். மரியாதைக்காக யாரும் தொடாமல் விட்டிருக்கும் இடம் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அங்கே முதலில் கையை வை. அதைச் செய்தவரிடமே போய்க் கேட்டுவிடு. பெரும்பாலும் அவர் அதை ஒரு வாரத்துக்காகத்தான் செய்திருப்பார்.

மண்டபத்துக்குப் போக அலங்காரம் செய்த வாடகைக் கார் ஒன்றை நீ ஏற்பாடு செய்திருப்பதாக அப்பா சொன்னார். ரத்து செய்துவிடு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மாப்பிள்ளையை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். முன்சீட்டில் மாமா மாலையோடு உட்காருவான், பின்னால் நீயும் அப்பாவும். தேன்மொழியிடமும் பேசிவிட்டேன். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணம் முடிந்து கடலூருக்குத் திரும்பும்போது அவள் ஓட்டுகிறாள், நான் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். மாம்பழ நிறப் புடவையோடு அவள் முதல் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாற்றுவாள். நீ பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, அவள் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வெள்ளாற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு வா.

உன் அம்மா